எட்டு பஞ்சர் என்று சொன்னால் நம்பாதீர்கள்

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காரெடுத்துக் கிளம்பும் நண்பர் கூட்டம் தங்குமிடம், மலைப்பாதை, பனி என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கும். ஏமாறுவது கடைசியில் ஒரு தகரக் கொட்டகை பஞ்சர் கடையில். இந்த மோசடி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து அல்ல. எல்லா ஊரிலும் நேர்மையான பஞ்சர்காரர்கள்தான் அதிகம். ஆனால் வெளியூர் நம்பர் பலகையும், கூரையில் கட்டிய பெட்டிகளும், அவசரமும் சேர்ந்தால் ஏமாற்றுகிறவனுக்கு அது போதும்.

நடப்பது இப்படி. பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து பின் சக்கரத்தைக் கை காட்டுவார், காற்று இறங்கியிருக்கிறதென்று. சில சமயம் உண்மையிலேயே ஆணி ஏறியிருக்கும். பார்த்தால் கூப்பிடு தூரத்தில் கடை. ஒரு பஞ்சருக்கு 150 ரூபாய் என்று பேசிவிட்டு, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே உருட்டிப் போவார்கள். எல்லோரும் டீ குடித்துத் திரும்புவதற்குள் டயரைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டங்கள். எட்டு பஞ்சர், 1,200 ரூபாய். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள், எட்டு இடத்திலும் குமிழி வரும். குமிழி உண்மைதான். ஆனால் அவற்றில் ஏழு ஓட்டைகள் அந்தக் கடைக்குள் போன பிறகு விழுந்தவை. சோப்பு நுரையைத் துடைக்கிற சாக்கில் உள்ளங்கையில் மறைத்த கோணூசியால் குத்துவதற்கு ஒரு நொடி போதும்.

முதலில் அந்தக் கை காட்டலை நம்பாதீர்கள். ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய காரில் ரேடியல் டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். பார்ப்பதற்குக் காற்று குறைந்த மாதிரியே இருக்கும். கண்ணால் முடிவு செய்யாமல் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்து அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். முழு பாரத்துக்கு அதில் தனி அளவு உண்டு, பல கார்களில் பின் சக்கரத்துக்கு அது கூடுதல். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அந்த அளவுக்கு ஏற்றிவிடுங்கள். ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

குத்திய ஆணி உள்ளேயே நின்றால் அதுவே பாதி அடைப்பு. ட்யூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகத்தான் கசியும். எட்டு ஓட்டை விழுந்த டயர் அந்தக் கடை வரைக்கும் நல்லபடியாக உருண்டு வந்திருக்குமா? கடைக்காரரிடம் வாதாடும் முன் இதை யோசித்தாலே விஷயம் விளங்கிவிடும். ஓட்டையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பழைய ஆணித் துளையின் ஓரம் அழுக்கேறிக் கறுத்திருக்கும். கோணூசித் துளை சுத்தமாக, பட்டன்களுக்கு (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளுக்கு) நடுவிலுள்ள பள்ளத்தில், பெரும்பாலும் ஒரே வரிசையில் இருக்கும். ரப்பர் மெலிந்த இடம் அதுதான், ஊசி சுலபமாக இறங்கும்.

இதிலும் கொடியது பக்கச்சுவரில் குத்துவது. அங்கே பஞ்சர் போட முடியாது, போடவும் கூடாது. "டயர் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லி, அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்ததை எடுத்துத் தருவார்கள். வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு.

ஆக, சக்கரத்தைக் கழற்றவே விடாதீர்கள். ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் போட அதைக் கழற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்தால் பட்டன் பகுதி வெளியே தெரியும். பின் சக்கரம் என்றால் சக்கரம் அரைச் சுற்று உருளும் அளவுக்குக் காரை முன்னால் நகர்த்தி மறைந்திருந்த பாதியைப் பார்க்கலாம். கழற்றிய சக்கரம் அவர் கையில் இருக்கும் வரை பேரம் பேசும் பலம் உங்களுக்கு இல்லை. கழற்றியே தீர வேண்டும் என்றால் சோப்புத் தண்ணீரை உங்கள் பாட்டிலிலிருந்து நீங்களே தெளியுங்கள். வட்டம் போட்டு எண்ணி, போட்டோ எடுத்த பிறகு டயரைக் கொடுங்கள். ஒருவர் அதை விட்டு நகரக் கூடாது. வடக்கே போனால் இந்த இரண்டு வாக்கியமும் உதவும்: "பஹியா மத் கோலோ" என்றால் சக்கரத்தைக் கழற்றாதே, "மேரே சாம்னே கரோ" என்றால் என் கண் முன்னால் செய்.

ஆணியைத் தேடும் முன் வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். வால்வுக்குள் இருக்கும் ஊசி தளர்ந்திருந்தாலும் காற்று கசியும். அதை முறுக்க ஒரு சின்ன சாவி போதும், பஞ்சரே வேண்டாம்.

இந்தத் தொல்லையை முழுக்கத் தவிர்க்க வேண்டுமானால் பஞ்சர் கிட் ஒன்றை வாங்கி வண்டியில் போடுங்கள். டி வடிவக் கைப்பிடி உள்ள அரத்தூசி, கண் உள்ள செருகூசி, பத்து ஸ்ட்ரிப் (துளையை அடைக்கும் ரப்பர் திரி), ரப்பர் சொல்யூஷன், பிளேடு, கொறடு. கூடவே 12 வோல்ட் கம்ப்ரசர். ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் கொறடால் பிடுங்குங்கள். அரத்தூசியைச் சொல்யூஷனில் தோய்த்து அதே கோணத்தில் ஐந்தாறு தரம் உள்ளே வெளியே இழுங்கள். சாய்வு மாறினால் துளை அகலமாகிவிடும், பலர் தவறு செய்யும் இடம் இதுதான். ஸ்ட்ரிப்பைச் செருகூசியின் கண்ணில் பாதி வரை கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் இரண்டு செ.மீ. வெளியே தெரியும் வரை அழுத்திவிட்டு ஒரே வெட்டில் இழுங்கள். ஊசி வந்துவிடும், ஸ்ட்ரிப் நிற்கும். நீட்டிய முனையைச் சில மி.மீ. விட்டு நறுக்கி, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரில் சோதியுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது இன்ஜினும் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி இறங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சில கம்ப்ரசர்கள் சூடாகி நின்றுவிடும்.

மத்தியப் பிரதேசத்தின் சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டு வழியாகப் போகும் பகுதி போன்ற இடங்களில் ஆணி குத்தினால் பிடுங்காதீர்கள். கம்ப்ரசரால் ஏற்றிக்கொண்டு மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம். பங்க்குகளில் காற்று இலவசம். காற்று மொத்தமும் இறங்கியிருந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி, 50 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்து, 1033-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். பல கார்களில் அது சின்ன அளவு, மஞ்சள் ஸ்டிக்கரில் மணிக்கு 80 கி.மீ. என்று எழுதியிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் கை கலப்பு வேண்டாம். ஜிபேயில் கட்டுங்கள், ரசீது மாதிரி அது நிற்கும். கடையின் பலகையோடு டயரையும் சேர்த்துப் படமெடுங்கள். கதவை மறித்தால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். எட்டு ஸ்ட்ரிப் ஏறிய டயரோடு 100 கி.மீ. வேகத்தில் போகாதீர்கள், உள்ளே ஸ்டீல் பெல்ட் (டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கு) எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறதோ தெரியாது. அடுத்த பெரிய ஊரில், டயர் விற்கும் கடையில் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.