ஜி.பி. ரோடு கார் சாவிக் கடை: சோதித்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்

கார் ரிமோட் சாவி மக்கர் பண்ணினால் சென்னையில் எங்கே போவது என்று யார் கேட்டாலும் இனிமேல் நான் சொல்லப்போவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இருக்கும் இந்தக் கடையைத்தான். சீட் கவர், ஸ்டீரியோ, ஃபாக் லாம்ப் என்று தொங்கவிட்டிருக்கும் பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு ஷட்டர் அகலத்தில் ஒடுங்கி இருக்கும். போர்டில் பெயர் கிடையாது, மஞ்சளாக ஒரு பெரிய சாவிப் படமும் ‘கார் ரிமோட் கீ’ என்ற எழுத்தும் மட்டும்தான். வருகிறவர்கள் பாய் கடை என்கிறார்கள், அந்த ரோட்டில் பாய் கடை என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைக் காட்டுவார்கள், அதனால் மஞ்சள் சாவியைத் தேடிப் போங்கள்.

என் வண்டி பத்து வருஷத்தைத் தாண்டிய ஹேட்ச்பேக், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் ரகம். ரிமோட்டில் லாக் பட்டன் வேலை செய்தது, அன்லாக் பட்டன் மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தால் எப்போதாவது கேட்கும், கடைசியில் அதுவும் நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அங்கிருந்த அட்வைசர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரிமோட் போயிடுச்சு சார், லாக் செட்டோட மாத்தணும்” என்றார். கதவுப் பூட்டுகள், இக்னிஷன், இரண்டு சாவி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மேல், அதுவும் பார்ட்ஸ் வர வேண்டுமாம். பணத்தைவிட, பேட்டரியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ஒருவர் இவ்வளவு பெரிய தொகையைச் சொன்னதுதான் எனக்குக் கோபம்.

பாய் சாவியைக் கையில் வாங்கும்போதே கேட்டது, “வண்டி ஸ்டார்ட் ஆகுதா சார்?”

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் தீர்ந்துவிடுகிறது. திருகும் சாவிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலைகள் நடக்கின்றன. இரும்புத் தகடு கதவையும் இக்னிஷனையும் திருப்புகிறது. தலைப்பகுதிக்குள் இருக்கும் இம்மொபிலைசர் (வேறு சாவியில் என்ஜின் ஓடாமல் தடுக்கும் பூட்டு) சிப்புக்குப் பேட்டரியே கிடையாது, இக்னிஷன் துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸில் அதற்குச் சக்தி கொடுக்க, அது தன் அடையாளத்தைத் திருப்பிச் சொன்னால்தான் என்ஜின் ஓடும். பேட்டரி வேண்டியது ரிமோட் போர்டுக்கு மட்டும், நம்ம ஊர் வண்டிகளில் அது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். ஆகவே இந்த ரகச் சாவியில் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் ஆகாமல் டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கினால் சிப் பக்கம் பார்க்க வேண்டும், பேட்டரி மாற்றிப் பிரயோசனமில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் வெட்டித் தரும் டூப்ளிகேட் சாவி கதவைத் திறந்தும் வண்டி கிளம்பாமல் இருப்பதற்குக் காரணம் சிப் இல்லாததுதான்.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றேன். சரி என்று ஒரு மெல்லிய பிளேடால் சாவியின் விளிம்பைக் கிளப்பினார். பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தார், 2.98 வோல்ட், அதில் குறையில்லை. அப்புறம் போர்டை, ரிமோட் சிக்னலைப் பிடித்துக் காட்டும் ஒரு எக்ஸ்ஹார்ஸ் கருவியின் மேல் வைத்து லாக் பட்டனை அழுத்தியதும் திரையில் 433.92 என்று வந்தது. அன்லாக்கை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. லென்ஸ் விளக்கைக் கீழே இழுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு சின்னச் சின்ன ஸ்விட்சுகள், ஒன்றின் நடுவில் இருக்கும் குமிழ் மேலே நிற்கிறது, இன்னொன்று உள்ளே அமுங்கிப்போய்க் கிடக்கிறது, அதன் ஒரு கால் ஈயத்திலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறது. பழையதைச் சூடு காட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து ஈயம் வைத்தார். மறுபடி கருவியில் வைத்து அழுத்தியதும் 433.92. மொத்தம் 250 ரூபாய்.

மேல் ரப்பரும் பிய்ந்திருந்ததால் கூடு மாற்றச் சொன்னேன், அதற்கு 400. இங்கே ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கூட்டின் ஒரு மூலையில் நெல்மணி அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது, அதுதான் சிப். பாய் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை நெம்பி எடுத்துப் புதுக் கூட்டில் வைத்தார். ஆன்லைனில் கூடு வாங்கி வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் தகட்டையும் போர்டையும் மட்டும் மாற்றிவிட்டு, பழைய கூட்டைச் சிப்போடு குப்பையில் போட்டுவிடுகிறார்களாம். கதவு ரிமோட்டில் அழகாகத் திறக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. கூடு மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான், ஆனால் புதுச் சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சில வண்டிகளில் சிப் போர்டிலேயே பதிந்திருக்கும், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் இருந்தது ஒரே சாவி (பழைய கார் வாங்கும்போது இரண்டாவது சாவியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், தொலைந்துவிட்டது என்று சொன்னால் விலையில் குறையுங்கள்). அதனால் ஸ்பேர் ஒன்றும் போட்டுக்கொண்டேன். ரிமோட், சிப் இரண்டும் சேர்த்து 2,800 ரூபாய். பழைய சாவியைப் பார்த்துத் தகடு வெட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் சாக்கெட்) கருவியை மாட்டி வண்டியின் இம்மொபிலைசரில் புதுச் சிப்பைச் சேர்க்கிறார். இதற்கு வண்டியின் பின் (PIN) நம்பர், அதாவது ரகசிய எண் வேண்டியிருக்கும், மாருதிக்கு 4 இலக்கம், ஹூண்டாய், கியாவுக்கு 6 இலக்கம். சாவியோடு கம்பெனி தரும் சின்ன உலோக டாக்கில் இருக்கும் சாவி எண்ணை போட்டோ எடுத்து வைத்திருந்தால் தகடு வெட்டவும் பின் எடுக்கவும் வேலை சுலபம் என்றார். கையில் ஒரு சாவி இருக்கும்போதே இன்னொன்று போட்டுக்கொள்வதுதான் நல்லது. எல்லாச் சாவியும் தொலைந்தபின் போனால் இதே கடையில் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார், அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பூட்டிலிருந்தே சாவியின் வெட்டு வடிவத்தை எடுக்க வேண்டும், பழைய சாவிகளை வண்டியின் நினைவகத்திலிருந்து அழிக்க வேண்டும்.

கார் திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும் என்பதையும் மறக்காதீர்கள். சாவி தொலைந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்கி வையுங்கள். பாலிசியில் சாவி மாற்றும் ஆட்-ஆன் இருந்தால் செலவைத் திரும்பப் பெறவும் அது உதவும்.

நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்து, சாவி இல்லாத கார் ஒன்று ராயப்பேட்டையில் நிற்கிறது, வந்து திறந்து சாவி போட்டுத் தர முடியுமா, எவ்வளவானாலும் தருகிறேன் என்றான். ஆர்.சி. புக்கும் ஆதாரும் இருந்தால் வருகிறேன் தம்பி என்றார் பாய். வண்டி நண்பனுடையது என்றதும், நண்பனையே கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்தால் இந்தப் பிடிவாதத்துக்காகவே அவரிடம் போகலாம்.

என்னோடு வந்த மச்சானின் வண்டி புஷ் ஸ்டார்ட். அவன் ஸ்மார்ட் சாவிக்குப் புது சிஆர்2032 பட்டன் பேட்டரி போட்டும் ‘கீ நாட் டிடெக்டெட்’ என்றே வந்துகொண்டிருந்தது. பாய் பேட்டரியை எடுத்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, கவரைப் பார்த்தே சொல்லிவிட்டார். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று சில பட்டன் பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், அந்தப் பூச்சு மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் கரண்ட் ஏறாமல் தடுக்கிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. காசு வாங்கவில்லை. பூச்சு நல்ல காரணத்துக்காகத்தான் இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் துடைத்த பேட்டரியை வெளியில் போட்டு வைக்காதீர்கள், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

பேட்டரி நிஜமாகவே தீர்ந்து நடுவழியில் நின்றால், ஹூண்டாய், டொயோட்டா, மாருதி புஷ் ஸ்டார்ட் வண்டிகளில் சாவியையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டவைத்து பிரேக்கை மிதித்துக் கிளப்பலாம். அந்த நெருக்கத்தில் சிப்புக்குப் பேட்டரி தேவைப்படாது. கதவுக்கு, சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவி. துளை கண்ணில் படவில்லை என்றால் டிரைவர் கதவுக் கைப்பிடியின் மூடியைக் கிளப்பிப் பாருங்கள்.

குறைகள் இருக்கின்றன. புது ரிமோட் கம்பெனி ஐட்டம் கிடையாது, பழைய சாவி பார்க்கிங்கின் கடைசி வரை பிடிக்கும், இது பாதி தூரத்தில்தான் பிடிக்கிறது. கேட்டால்தான் பில் போடுகிறார், வாரண்டி ஆறு மாதம் என்பதை நான் பில்லின் பின்னால் எழுதி வாங்கினேன். பிஎம்டபிள்யூ, ஆடி வந்தால் தொடுவதில்லை, வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறார். ஞாயிறு லீவு. மாலையில் போனால் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார ஒரே ஒரு ஸ்டூல்.

வண்டி நிறுத்துவதுதான் பெரிய பாடு. ஸ்பேர் சாவி போட வண்டி கட்டாயம் வேண்டும், அதற்குக் காலையில் கடை திறக்கும் நேரத்தில் போய்விடுங்கள். பட்டன், பேட்டரி, கூடு மட்டும் என்றால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம்.