‘போர்டு போச்சுங்க’ என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

திருப்பூரில் கணக்கு எழுதுகிறவன் நான். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி எதுவும் என் கையில் இல்லை. பவர் டேபிள் (தையல்) யூனிட், செக்கிங், அயர்னிங், நூல் கடை என்று 19 சின்னப் பார்ட்டிகள். எல்லாருடைய கணக்கும் ஒரே லேப்டாப்பில் இருந்தது. அதில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிய ஐந்தரை மாத டேட்டாவும் கையிலிருந்து 7,500 ரூபாயும் போன கதை இது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் கொடுத்திருப்பதால் சொல்ல மாட்டேன். என் பார்ட்டி இரண்டு பேர் வேறு வேறு கடைகளில் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் பெயர் தெரிந்தும் பெரிய லாபமில்லை.

போன செப்டம்பர் 16, ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஷட்டவுன் கொடுத்தேன். விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பித்தது. ‘அணைக்க வேண்டாம்’ என்று திரையில் எழுதியிருந்தது. நான் அணைக்கவில்லை, கரண்ட் அணைத்தது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியும் ‘சார்ஜரிலேயே ஓடட்டும்’ என்று விட்டிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

காலையில் போட்டால் கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்கிறது, கடைசியில் நீலத் திரை. கம்ப்யூட்டரைச் சரி செய்ய முடியவில்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஏதோ ஒரு லாக் ஃபைலின் முகவரி. இரண்டு பட்டன். ஒன்று ஷட்டவுன், இன்னொன்று அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இரண்டாவதைத் தொடவே பயமாக இருந்தது. ஏதாவது அழிந்துவிட்டால்? ஆஃப் செய்து ஆன் செய்து அதே இடத்துக்குப் பத்து தடவை வந்தேன். நல்ல வேளையாகப் போனில் ஒரு போட்டோ மட்டும் எடுத்து வைத்தேன்.

இருபதாம் தேதிக்குள் 3பி, அதாவது மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்ன், தாக்கல் செய்ய வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை, வாசலில் ‘சிப் லெவல் சர்வீஸ், டேட்டா ரெக்கவரி’ என்று பெரிய போர்டு. கொண்டுபோய்க் கொடுத்தேன். “தம்பி, மிஷின் எப்படிப் போனாலும் போகட்டும், உள்ளே டேலி டேட்டா இருக்குது, அது பத்திரம்” என்று இரண்டு தடவை சொன்னேன். “அதெல்லாம் பாத்துக்கலாமுங்ணா, விட்டுட்டுப் போங்க” என்றான். ஜாப் கார்டு கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 114 என்று எழுதிக் கொடுத்தான். நானும் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். 19 பேருக்கு ‘பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்’ என்று வருடம் முழுக்கச் சொல்கிறவன்!

அன்று சாயங்காலம் போன். “போர்டு போச்சுங்ணா. பவர் செக்ஷன்ல ஐசி ஷார்ட். 5,800 ஆகுமுங்க. புது போர்டுன்னா பதினஞ்சு தாண்டும்.” போர்டு என்றால் மதர்போர்டு, ஐசி என்றால் அதிலிருக்கும் சிப். நான் ஒத்துக்கொண்டேன். 19ஆம் தேதி போனால் லேப்டாப் பளிச்சென்று ஆன் ஆகிறது. செக்கிங் 500, சிப் வேலை 5,800, ஓஎஸ் (விண்டோஸ் போட்டதற்கு) 1,200. ஜிபே செய்துவிட்டுத்தான் டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. டேலி இல்லை, ஃபோல்டர் இல்லை, ஒன்றுமே இல்லை.

“டேட்டா எங்க தம்பி?”

“ஃபார்மட் அடிச்சாத்தானுங்ணா ஓஎஸ் ஏறும். டேட்டா வேணும்னு நீங்க சொல்லலீங்களே.”

அடுத்த மூச்சில், “ரெக்கவரி பண்ணித் தரலாமுங்க, தனியா ஒன்பதாயிரம்” என்றான்.

அவனே துடைத்துவிட்டு, துடைத்ததைத் திரும்பக் கொண்டுவர அவனுக்கே காசு. கோபத்தில் பேச்சு வரவில்லை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபம்தான் ஒன்பதாயிரத்தைக் காப்பாற்றியது என்று பிற்பாடு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான், கம்ப்யூட்டர் படிக்கிறவன். லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை, கவிழ்த்துப் பார்த்தான். “மாமா, இங்க பாருங்க.” அடிமூடியில் ஒரு திருகின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய சின்ன வட்ட ஸ்டிக்கர், ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்காமல் அந்தத் திருகைக் கழற்ற முடியாது. திருகைக் கழற்றாமல் மூடி வராது. மூடி வராமல் எந்த ஐசியை மாற்றினார்கள்?

அப்புறம் நான் எடுத்த போட்டோவைப் பார்த்தான். அதிலேயே எல்லாம் இருக்கிறது என்றான். பவர் செக்ஷன் ஷார்ட் ஆன போர்டில் லோகோவே வராது. அந்த ரிப்பேர் திரை, டேட்டா இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியின் ஒரு ஓரத்தில் விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் மீட்புப் பகுதியிலிருந்து வருவது. அது வருகிறதென்றால் போர்டு, ராம், டிஸ்ப்ளே எல்லாம் வேலை செய்கிறது, எஸ்எஸ்டியும் படிக்க முடிகிற நிலையில் இருக்கிறது. பாதி அப்டேட்டில் கரண்ட் போனதால் சிஸ்டம் ஃபைல்கள் சில பழையதாகவும் சில புதியதாகவும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றுவிட்டன, அவ்வளவுதான். எஸ்எஸ்டி கெட்டாலும் ஃபைல்கள் இப்படிச் சிதையும் என்பதால் ஒரு இலவச மென்பொருளைப் போட்டு அதன் ஆரோக்கியத்தையும் பார்த்தான். 94 சதவீதம் காட்டியது.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத் திரையில் நின்றன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் அதற்கு மருந்து, சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்குவது. என்னுடைய கடைக்காரரிடம் போயிருந்தால் 85 லட்சம் ஐசி மாற்றியிருப்பார்.

நான் தொடப் பயந்த அந்த அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று பையன் காட்டினான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ரிப்பேர் திரை தானாக வராவிட்டால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் வந்துவிடும். முதல் வேலை டேட்டாவை வெளியே எடுப்பது. ட்ரபிள்ஷூட் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய் நோட்பேட் என்று டைப் செய்தால் நோட்பேட் திறக்கிறது. அதில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகின்றன. வேண்டியதை ரைட் கிளிக்கில் காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். விண்டோஸ் எழவே இல்லாத லேப்டாப்பிலிருந்து! இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் அழுகை வந்தது. ஐந்தரை மாதக் கணக்கு ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஏறியிருக்கும்.

அங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், குழம்பாதீர்கள். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட மிஷினாக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து வைத்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும், இன்னொரு போனில் பார்த்துக்கொள்ளலாம். மிஷின் நன்றாக ஓடும்போதே அதை எழுதி வைப்பது உத்தமம்.

டேட்டா வெளியே வந்தபின் ஒவ்வொன்றாக முயற்சி செய்யலாம். ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசியாக ஏறிய அப்டேட்டைக் கழற்றும் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், முன்பே சேமித்த ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தால் அந்தப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். அதற்கும் மசியாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி என்ற கட்டளை. சிதைந்த சிஸ்டம் ஃபைல்களுக்குப் பதிலாக விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் நல்ல பிரதிகளை அது போடும். இப்படி ரிப்பேர் திரையிலிருந்து ஓட்டும்போது விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும், சொல்லாமல் ஓட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம் என்றான் பையன். எல்லாக் கேஸிலும் பிழைத்துவிடும் என்று அவனும் சொல்லவில்லை. கடைசி வழி மறுபடி விண்டோஸ் போடுவதுதான். ஆனால் அது கடைசி வழி. என் கடைக்காரர் அதில்தான் ஆரம்பித்தார்.

அந்த ஒன்பதாயிரத்துக்கு வருகிறேன். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அழித்தது, அதன் மேல் வேறு எழுதும் வரை அங்கேயே கிடக்கும், தோண்டி எடுக்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் ஃபார்மட் அடித்தால் ‘இந்த இடமெல்லாம் காலி’ என்று விண்டோஸ் தகவல் கொடுத்துவிடும், டிஸ்க் அதைப் பின்னணியில் நிஜமாகவே துடைத்துவிடும். அதற்குப் பெயர் டிரிம். துடைத்தபின் ஒன்பதாயிரம் கொடுத்தாலும் தொண்ணூறாயிரம் கொடுத்தாலும் வருவது அபூர்வம். சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாதா?

1,200 ரூபாய் ஓஎஸ் அதைவிட மோசம். என் லேப்டாப் விண்டோஸ் ஹோமோடு வாங்கியது. அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. பையன் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி மறுபடி போட்டான், நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆனது. கடையில் போட்டிருந்ததோ திருட்டு ஆக்டிவேட்டரோடு விண்டோஸ் புரோ. அந்த ஆக்டிவேட்டரை வைரஸ் என்று விண்டோஸின் டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக சி டிரைவ் முழுவதையும் ஸ்கேன் செய்யாதே என்று செட்டிங்கில் விலக்கி வைத்திருந்தார்கள். அந்த மிஷினில் உட்கார்ந்துதான் நான் 20ஆம் தேதி 19 பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டையும் அடித்தேன். ஞாயிறு ராத்திரி முழுக்க ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவர், “ஏனுங்க, நம்ம கணக்கெல்லாம் வெளிய போயிருச்சுங்களா?” என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3பி எப்படிப் போட்டேன் என்று கேட்பீர்கள். விற்பனை 11ஆம் தேதியே ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏறியிருந்தது, கொள்முதல் 2பி என்ற பட்டியலில் வந்திருந்தது. இரண்டையும் ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து இறக்கி ராத்திரி பதினொன்றரைக்குள் 17 பேருக்கு முடித்தேன். இரண்டு பேருக்கு ஒரு நாள் தள்ளிப் போய், நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். ஆனால் ரொக்கக் கணக்கு, பேங்க் என்ட்ரி, சனிக்கிழமைச் சம்பளம், பீஸ் ரேட் அட்வான்ஸ், இதெல்லாம் எந்தப் போர்ட்டலிலும் கிடையாது. என் கடைசி பேக்கப் மார்ச் 31.

கடைக்காரரிடம் ஸ்டிக்கர் போட்டோவைக் காட்டிப் பணத்தைக் கேட்டேன். “அது நாங்க திரும்ப ஒட்டுனதுங்க” என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போயிருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். என் கையில் இருப்பது ஜிபே ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, நீலத் திரை போட்டோ. ‘டேட்டா அழிக்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒரு ஜாப் கார்டு இருந்திருந்தால் கேஸ் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் மனு எழுதிக் கொடுத்த வக்கீல். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிய 114ஐயும் இணைத்திருக்கிறோம்.

புது பேட்டரி போட்டாயிற்று. தினமும் ராத்திரி டேலி பேக்கப் பென் டிரைவுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பில் கட்டுகளையும் சம்பள நோட்டுகளையும் பரப்பிக்கொண்டு உட்காருகிறேன். தொலைந்த கணக்கில் ஏப்ரலும் மேயும் மறுபடி எழுதி முடிந்துவிட்டன, ஜூன் ஓடுகிறது.