ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் போட்டேன்: வீட்டு கம்ப்யூட்டருக்கு 8 போதுமா, 16 வேண்டுமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், மீரான் சாகிப் தெருப் பக்கம், முதல் மாடியில் இருக்கிற சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஏறுகிற படி குறுகல், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். ஆனால் தேவையில்லாததைத் தலையில் கட்டாத கடை, அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் டெஸ்க்டாப்பில் 8 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக மெமரி) இருந்தது. காலையில் மகளுக்கு ஆன்லைன் கிளாஸ், அது முடிந்ததும் அதே மெஷினில் நான் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), எக்ஸெல், குரோமில் வரிசையாக டேப் என்று திறந்து வைத்துவிடுவேன், மதியத்துக்குள் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி நின்று நின்று வரும். வேறொரு கடையில் போனில் கேட்டபோது, 32 போடுங்க, இல்லையென்றால் புதுசு வாங்குங்க என்று எதையும் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்.

இங்கே இருந்த தம்பி முதலில், வீட்டில் எதையெல்லாம் திறப்பீர்களோ அதையெல்லாம் திறங்க அக்கா என்றார். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கிற டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைக் காட்டினார், 90 சதவீதத்துக்கு மேலே நிற்கிறது. அதே பக்கத்தில் கீழே ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி, என்ன வேகம் என்பதும் இருக்கிறது. இரண்டில் ஒன்று காலி. அதே வேகத்தில், அதே டிடிஆர்4 வகையில் (ரேமின் ஒரு தலைமுறை), 8 ஜிபி ஸ்டிக் ஒன்று போதும் என்றார். ஒரே 16 ஸ்டிக்கை விட இரண்டு 8 நல்லது, டியூயல் சேனலில், அதாவது இரண்டும் இணையாக, ஓடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் தெரியும் என்றும் விளக்கினார். பழைய ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறப் பின்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, இரண்டு ஓரமும் 'டிக்' என்று பூட்டுகிற வரை அழுத்தினார்.

இப்போது கிளாஸும் டேலியும் ஒன்றாக ஓடுகின்றன, திணறலே இல்லை.

இன்னொன்று முக்கியம். கூடவே மாமாவின் பழைய லேப்டாப்பையும் கொண்டுபோயிருந்தேன், அதற்கும் ரேம் போடலாம் என்று. அதில் மெமரி பாதிதான் நிரம்பியிருந்தது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். "இதுக்கு ரேம் வேண்டாம்க்கா, ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க" என்றார். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும், அதைவிட வேகமான டிஸ்க். ரேமை விற்றிருந்தால் நான் வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கும் நேரத்தில் இப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

என் கணக்கு இதுதான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி, அதில் மெஷின் ஆன் ஆகும், நிம்மதியாக வேலை செய்ய முடியாது. யூடியூப், மெயில், பேங்க் வேலை, கரண்ட் பில் கட்டுவது என்று ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் எஸ்எஸ்டியோடு 8 தாராளம். வீட்டில் ரெண்டு மூணு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தால், மீட்டிங், எக்ஸெல் எல்லாம் இருந்தால், 16. வீடியோ எடிட்டிங், பெரிய கேம் இல்லாத வீட்டில் 32-க்குக் காசு கொடுக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். புது லேப்டாப் வாங்குகிறவர்கள் மட்டும் ரேம் முழுக்க போர்டிலேயே சால்டர் செய்து (பற்றவைத்து) வருகிறதா என்று கேட்டுவிடுங்கள், அப்படியென்றால் பின்னால் ஏற்ற முடியாது, வாங்கும்போதே 16.

குறை என்றால், பில்லை நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். ஸ்டிக்கின் சீரியல் நம்பரையும் அதில் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். டெஸ்க்டாப் ரேமும் லேப்டாப் ரேமும் வேறு வேறு அளவு, டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, அதனால் மாடல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மெட்ரோவில் போய் இறங்கி நடப்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.