பெட்டியில் 10,000, போனுக்குள் எவ்வளவு? பவர் பேங்கோடு சில வருட அனுபவம்

10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஒன்று, 20,000 எம்ஏஎச் ஒன்று என இரண்டு பவர் பேங்குகளைச் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: போன் பேட்டரி 5,000 என்றால் 10,000 பவர் பேங்க் இரண்டு தடவை முழுசாக ஏற்ற வேண்டாமா, ஏன் ஒன்றரைத் தடவைகூட வருவதில்லை?

இதற்கு யாரும் ஏமாற்றினார்கள் என்று அர்த்தம் இல்லை. பவர் பேங்குக்குள் இருப்பது லித்தியம் செல், அதன் சராசரி வோல்டேஜ் 3.7. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் 10,000 அந்த 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. ஆனால் யூஎஸ்பி வழியாக வெளியே வர வேண்டியது குறைந்தது 5 வோல்ட், அதனால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன சர்க்யூட் வோல்டேஜை உயர்த்தித் தருகிறது. வோல்டேஜ் ஏறினால் ஆம்பியர் இறங்கித்தான் ஆக வேண்டும். 3.7 வோல்ட்டில் 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் ஹவர், அதாவது உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். அதை 5 வோல்ட்டால் வகுத்தால் 7,400. அப்படி உயர்த்தும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும், ஆக கையில் கிடைப்பது 6,000 முதல் 6,500 வரை. அப்புறம் போன் தன் பங்குக்கு அந்த 5 வோல்ட்டைத் தன் பேட்டரிக்குத் தகுந்தபடி இறக்கிக்கொள்ளும்போது இன்னொரு இழப்பு. சார்ஜ் ஏறும்போதே வீடியோ பார்த்தால் அதுவும் இதே கணக்கில்தான் கழியும். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' (வெளியே தரக்கூடிய அளவு) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், உண்மையில் பார்க்க வேண்டியது அதைத்தான். அது எங்குமே இல்லாத பவர் பேங்கை நான் வாங்குவதில்லை.

வாங்கும்போது யாரும் கவனிக்காத இன்னொன்று, பவர் பேங்கை நாம் சார்ஜ் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பது. எல்லாரும் அவுட்புட் வேகத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். 20,000 என்றால் 74 வாட் ஹவர். இன்புட் 10 வாட் மட்டும் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதுவும் கடைசிப் பகுதியில் செல் 4.2 வோல்ட்டை நெருங்கியதும் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும் என்பதால் இழுத்துக்கொண்டே போகும். என்னுடைய பெரியது 18 வாட் இன்புட், அதனால்தான் அவசரமாகக் கிளம்பும் நாட்களில்கூட அதை நம்ப முடிந்தது. வேகமான சார்ஜிங் எல்லாமே போனும் பவர் பேங்கும் பேசிக்கொள்வதைப் பொறுத்தது: யூஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 5, 9, 15, 20 வோல்ட் என்று எது தர முடியும் என பவர் பேங்க் சொல்லும், போன் அதில் ஒன்றைக் கேட்கும். இரண்டுக்கும் பொதுவான முறை இல்லை என்றால் பழைய 5 வோல்ட்தான். மலிவான மெல்லிய கேபிள் இருந்தாலும் கதை முடிந்தது, வோல்டேஜ் கேபிளிலேயே விழுந்துவிடும்.

எரிச்சல் தந்த விஷயமும் உண்டு. வயர்லெஸ் இயர்போன் டப்பாவைச் செருகினால் கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் அணைந்துவிடும். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் எதுவும் செருகவில்லை என்றே பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. சில மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்டத்துக்கான மோடு வரும், என்னுடைய சின்னதில் அது இல்லை.

ஆயுளைப் பொறுத்தவரை சூடுதான் முதல் எதிரி. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைக்கவே கூடாது. முழு சார்ஜோடு மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பதும் செல்லை வேகமாகக் கிழடாக்கும், பாதி சார்ஜில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது. பெரியது இப்போதும் ஓடுகிறது, புதிதாக இருந்தபோது தந்ததை விடத் தெளிவாகவே குறைவாகத் தருகிறது, அது இயல்பு. சின்னதன் ஓரம் லேசாகப் பிளந்து உடம்பு உப்ப ஆரம்பித்தது. உள்ளே வாயு சேர்கிறது என்று அர்த்தம். சார்ஜ் நன்றாக ஏறினாலும் அன்றோடு நிறுத்திவிட்டு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். அதை அழுத்திச் சரிசெய்வது, குத்துவது, சாதாரணக் குப்பையில் போடுவது எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள், லித்தியம் செல் தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை.

விமானத்தில் 100 வாட் ஹவர் வரை கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 20,000 அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனாலும் சின்னதற்குப் பதிலாக மறுபடி 10,000தான் வாங்கப்போகிறேன், இன்புட் 18 வாட்டாவது இருக்க வேண்டும்; தினமும் பையில் கிடக்கப்போவது அதுதான், பெரியதன் எடையை நீண்ட பயணத்துக்கு மட்டும் சுமந்தால் போதும்.