வாராந்திர ஃபேன்டஸி ஃபுட்பால் ரேங்கிங்: பல சீசன் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதைப் புள்ளியாக்கி வாரா வாரம் இன்னொருவரோடு மோதும் விளையாட்டு. என்எஃப்எல் சீசன் ஓடும் 18 வாரமும் செவ்வாய்க்கிழமை விடிந்தால், யாரை இறக்கலாம் என்று சொல்லும் ரேங்கிங் பட்டியல்கள் வந்து குவியும். குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), வைட் ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) என்று நிலைவாரியாக வரிசை எண்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்த வார எதிரணி, அதன்மேல் சுலபம் என்றால் பச்சை, கடினம் என்றால் சிவப்பு என்று ஒரு நிறம். இவற்றைப் பார்த்து அணி இறக்கிவரும் பழக்கத்தில் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடலாம். பட்டியல் உதவுகிறது. ஆனால் 23-ஆவது இடத்துக்கும் 27-ஆவது இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்கிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை. மேட்ச்-அப், அதாவது அந்த வார எதிரணியைப் பற்றிய நிறமோ அக்டோபர் நடுப்பகுதிவரை ஏறக்குறைய அலங்காரம்தான்.

பட்டியலைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அது எந்தப் புள்ளி முறைக்குப் போடப்பட்டது என்பதை. இஎஸ்பிஎன் தளத்தில் லீக் தொடங்கினால் தானாகவே முழு பிபிஆர், அதாவது ஒரு கேட்சுக்கு 1 புள்ளி. யாஹூவில் அரைப் புள்ளி. எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடும் இன்டர்செப்ஷனுக்கு இஎஸ்பிஎன் 2 புள்ளி கழிக்கும், யாஹூ 1 கழிக்கும். 7 கேட்ச், 62 யார்டு எடுத்த ரிசீவருக்கு, கேட்சுக்குப் புள்ளி இல்லாத பழைய முறையில் 6.2, அரை பிபிஆரில் 9.7, முழு பிபிஆரில் 13.2. கேட்சே பிடிக்காமல் 71 யார்டு ஓடி ஒரு டச் டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவது) போட்ட ரன்னிங் பேக்குக்கு மூன்றிலும் 13.1. ஒரு முறையில் பாதிகூட வராத ஆள் இன்னொன்றில் ஒரு படி மேலே நிற்கிறார். “ரேங்கிங் சுத்த வேஸ்ட்” என்று புலம்புகிறவர்களில் கணிசமானோர் தங்கள் லீக்குக்குப் பொருந்தாத பட்டியலைப் பார்த்தவர்கள். ஃப்ளெக்ஸ் இடத்துக்கு (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் என யாரையும் வைக்கலாம்) ஆள் தேடும்போது இந்தத் தவறு இன்னும் பலமாக அடிக்கும், ஏனென்றால் அங்கேதான் ரன்னிங் பேக்கும் ரிசீவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

வரிசை எண்ணை விட்டுவிட்டு அடுக்கைப் பாருங்கள்

ஃபேன்டஸிப்ரோஸ் போன்ற தளங்கள் பல நிபுணர்களின் வரிசைகளைச் சேர்த்து ஒரு சராசரி கொடுக்கின்றன. சராசரி பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே நிறைய மறைத்துவிடும். ஒருவரை எல்லாரும் 22-க்கும் 28-க்கும் இடையில் வைத்திருக்கிறார்கள், இன்னொருவரைச் சிலர் 12-லும் சிலர் 38-லும் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே பட்டியலில் 25-ஆகத் தெரிவார்கள். முதல் ஆள் எட்டு ஒன்பது புள்ளி தந்துவிட்டுப் போகிறவர். இரண்டாமவர் விஷயத்தில் ஏதோ ஒன்று இன்னும் தீராமல் கிடக்கிறது: காயமாக இருக்கலாம், அவருக்கு முன்னால் ஆடுகிறவரின் காயமாக இருக்கலாம், ஆட்டத்தில் அவருடைய பங்கு திடீரென்று மாறியிருக்கலாம். அதனால் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் மிக உயர்ந்த ரேங்க், மிகத் தாழ்ந்த ரேங்க் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிராளியின் அணி உங்கள் அணியைவிட இருபது புள்ளி கூடுதலாகக் கணிக்கப்பட்டிருந்தால் இரண்டாமவரை இறக்குவதில் அர்த்தம் உண்டு. நீங்கள் முன்னிலையில் இருந்தால் முதல் ஆளே போதும்.

போரிஸ் சென் என்பவர் இதே சராசரித் தரவை எடுத்து, ஏறக்குறைய சமமானவர்களைப் புள்ளியியல் முறையில் அடுக்கடுக்காகப் பிரித்து வரைபடமாகப் போட ஆரம்பித்தது பலருடைய பழக்கத்தையே மாற்றியது. ஒரே அடுக்குக்குள் இருக்கும் ஆறு பேரில் யாரை இறக்கினாலும் பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றுதான். அடுக்கு தாண்டும்போது மட்டும் பட்டியலுக்குக் கட்டுப்படுங்கள், அடுக்குக்குள் உங்கள் கணக்கைப் போடுங்கள். மேட்ச்-அப் என்ற விஷயம் அந்த இரண்டாவது இடத்தில்தான் நுழைய வேண்டும். ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் எடுத்த ஆளை எதிரணியின் சிவப்பு நிறத்துக்குப் பயந்து பெஞ்சில் உட்கார வைப்பது வருடா வருடம் நடக்கும் கூத்து.

பச்சை, சிவப்பு: எப்படி உருவாகிறது, எங்கே பொய்க்கிறது

அந்த நிறத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே எண்தான். இந்த அணி இந்த நிலை ஆட்டக்காரர்களுக்கு இதுவரை சராசரியாக எத்தனை ஃபேன்டஸி புள்ளி விட்டுக்கொடுத்திருக்கிறது என்பது. நான்காவது வாரம் முடியும்போது அந்த எண்ணுக்குள் இருப்பது நான்கே ஆட்டம். அவற்றில் ஒன்றில் டிராவிஸ் கெல்சி போன்ற டைட் எண்ட் ஒருவர் இரண்டு டச் டவுன் போட்டிருந்தால் போதும், “டைட் எண்டுக்கு எதிராக மோசமான அணி” என்று பச்சை விழுந்துவிடும். அடுத்த வாரம் அங்கே போகிற சாதாரண டைட் எண்டுக்கு அந்தப் பச்சையால் ஒரு பயனும் இல்லை. டைட் எண்ட் நிறம் எல்லாவற்றிலும் பலவீனமானது. சீசன் முடியும்வரைகூட அதை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், ஓட்டத்துக்கு எதிரான எண். தொடர்ந்து தோற்கும் அணிக்கு எதிராக மற்றவர்கள் கடைசிக் கால்பகுதி முழுக்க ஓடியே நேரத்தைக் கரைப்பார்கள், அதனால் ரன்னிங் பேக்குகளுக்குப் புள்ளி குவியும். அதன் தடுப்பு வரிசை உண்மையில் அவ்வளவு மோசமாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு ஓட்டத்துக்கு எத்தனை யார்டு விடுகிறது என்று தனியாகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

நிறம் உதவிய இடமும் உண்டு. 2024-இல் பால்டிமோர் ரேவன்ஸ் என்றாலே “பலமான டிஃபென்ஸ்” என்ற பழைய பெயர்தான் பலர் மனதில் இருந்தது. அந்த சீசனில் அவர்களை எதிர்த்து ஓடுவது மிகக் கடினம், பந்தை எறிந்து ஆடுவது சுலபம். நிலைவாரியாகப் பிரித்த அட்டவணையில் இது அக்டோபரிலேயே தெரிந்தது. சின்சினாட்டியின் ஜமார் சேஸ் 5-ஆவது வாரம் அவர்களுக்கு எதிராக 10 கேட்ச், 193 யார்டு, 2 டச் டவுன் எடுத்தார். 10-ஆவது வாரம் வியாழக்கிழமை ஆட்டத்தில் 11 கேட்ச், 264 யார்டு, 3 டச் டவுன். ஓட்டம் அடைபட்டிருக்கும் அணிக்கு எதிராகப் பந்து ரிசீவர்கள் பக்கம்தான் போகும். அட்டவணையில் தேட வேண்டியது இந்த மாதிரி ஏற்றத்தாழ்வை. மொத்தத்தில் நல்ல அணியா, கெட்ட அணியா என்பது இரண்டாம்பட்சம்.

எதிர்ப்பக்க உதாரணம் இன்னும் சுவையானது. 2020 நவம்பர் 29 அன்று டாம்பா பே அணிக்கு எதிராகக் கான்சஸ் சிட்டியின் ரிசீவர் டைரீக் ஹில் முதல் கால்பகுதியிலேயே 203 யார்டு எடுத்தார். ஆட்டம் முடியும்போது 13 கேட்ச், 269 யார்டு, 3 டச் டவுன். பத்து வாரம் கழித்து 2021 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அதே இரு அணிகள் மோதின. கான்சஸ் சிட்டி ஒரு டச் டவுன்கூடப் போடாமல் 31-9 என்று தோற்றது. நவம்பரில் ஹில்லை ஒரே கார்னர்பேக்கிடம் (ரிசீவரை ஒட்டி ஓடும் தடுப்பாளர்) விட்டிருந்த டாம்பா அணியினர், பிப்ரவரியில் இரண்டு சேஃப்டிகளை (பின்வரிசைத் தடுப்பாளர்கள்) ஆழத்தில் நிறுத்தினார்கள். கூடவே கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இரண்டு தொடக்க டாக்கிள்களும் காயத்தால் வெளியே இருந்ததால் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை வைத்துக்கொண்டு நிற்க நேரமே கிடைக்கவில்லை. “டாம்பாவுக்கு எதிராக ரிசீவர்” என்ற ஒரு கட்டத்துக்குள் இதில் எதுவுமே அடங்காது. அதனால்தான் மேட்ச்-அப் பார்ப்பது என்றால் முதலில் பார்க்க வேண்டியவை உங்கள் ஆட்டக்காரரின் அணியின் டாக்கிள்கள் ஆடுகிறார்களா, எதிரணியின் முதல் கார்னர்பேக் ஆடுகிறாரா என்ற இரண்டும்தான்.

இந்த நிறத்தைவிட நம்பகமான ஒன்று, பந்தயச் சந்தை எண்ணிலிருந்து வரும் அணிக்கான எதிர்பார்ப்பு. ஆட்டத்தின் மொத்தப் புள்ளி 47.5, ஒரு அணிக்கு 6.5 புள்ளி முன்னிலை என்று போட்டிருந்தால், மொத்தத்தில் பாதி 23.75, அத்துடன் முன்னிலையில் பாதி 3.25. ஆக அந்த அணி 27, எதிரணி 20.5. பந்தயம் கட்டத் தேவையில்லை, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு ரிசீவர்கள் ஒரே அடுக்கில் இருந்தால் 27 அணியின் ஆளை எடுங்கள். 20.5 பக்கம் இருக்கும் ரன்னிங் பேக் கேட்ச் பிடிக்காதவர் என்றால் ஒரு அடுக்கு கீழே இறக்கலாம், அவருடைய அணி பின்தங்கியதும் அவர் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். கேட்ச் பிடிக்கிறவர் என்றால் தொடாதீர்கள்.

வானிலையில் மழைக்கும் குளிருக்கும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். கெடுப்பது காற்று. மணிக்கு 15 மைல் தாண்டினால் கவனிக்கலாம், 20 தாண்டி நிலையாக வீசினால் நீண்ட தூரப் பந்தை நம்பும் ரிசீவரையும் கிக்கரையும் இறக்கக் கூடாது. 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோவில் அடித்த காற்றில் நியூ இங்கிலாந்தின் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க எறிந்தது 3 பந்து, அப்படியும் 14-10 என்று ஜெயித்தார்கள். செவ்வாய்க்கிழமைப் பட்டியலுக்கு அந்த வார இறுதியின் காற்று தெரியாது. சனிக்கிழமை இரவுக்குப் பிறகு ஒரு முறை பார்த்துக்கொள்வது நம் வேலை.

பட்டியலைப் படிக்க ஒரு கால அட்டவணை

எந்தப் பட்டியலைப் பார்க்கிறோம் என்பதைவிட எப்போது பார்க்கிறோம் என்பதில்தான் அதிகப் புள்ளி இருக்கிறது. செவ்வாய்ப் பட்டியல் வேவரில் (லீக்கில் யார் அணியிலும் இல்லாதவர்கள்) ஆள் எடுக்க மட்டும். அன்று வரிசையைவிடப் பயன்படுவது ஸ்னாப் (களத்தில் நின்ற முறை), ரூட் (பந்து பிடிக்க ஓடிய முறை), டார்கெட் (அவரை நோக்கி எறியப்பட்ட பந்து) எண்ணிக்கை. போன வாரம் மூன்றே டார்கெட்டில் 75 யார்டு டச் டவுன் போட்டவரைப் பட்டியல் தூக்கி வைக்கும். ஸ்னாப் பங்கு 35 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியும் ஆறு புள்ளி மட்டும் எடுத்த ரன்னிங் பேக்கைக் கண்டுகொள்ளாது. ஒரு வாரம் கழித்து விழித்துக்கொள்ளும், அதற்குள் அவர் வேறொருவர் அணியில் இருப்பார்.

ஞாயிறு ஆட்டங்களுக்குப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பயிற்சி அறிக்கை வரும். புதன்கிழமை மூத்த ஆட்டக்காரர் பயிற்சிக்கு வரவில்லை, காரணம் ஓய்வு என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று நாளும் அரைகுறைப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஆடிவிடுவார். புதன் அரைகுறை, வியாழன் இல்லை என்று பின்னோக்கிப் போனால்தான் ஆபத்து, பயிற்சியின் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ரிசீவருக்குத் தொடைப் பின்தசை என்றால் ஆடினாலும் பாதியில் வெளியேற வாய்ப்பு அதிகம், அவரை ஒரு அடுக்கு கீழேயே வைத்துப் பாருங்கள்.

வெள்ளி இரவுக்குப் பிறகு பார்க்கிற பட்டியலில் ஒவ்வொரு நிபுணரும் கடைசியாகத் திருத்திய நேரத்தைக் கவனியுங்கள். திருத்தாமல் போனவர்களின் வரிசையும் சராசரிக்குள் கிடப்பதால் ஆடமாட்டார் என்று அறிவிக்கப்பட்ட ஆளே 40-ஆவது இடத்தில் தெரிவதுண்டு. நிபுணர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் கடந்த 24 மணி நேரத்தில் திருத்தியவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வரிசை சட்டென்று மாறும்.

அன்று ஆடாதவர்களின் இறுதிப் பட்டியல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்பு வரும். கிழக்கு அமெரிக்க நேரம் மதியம் 1 மணி ஆட்டத்துக்கு 11.30. சென்னையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது இரவு 9 மணி, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியதிலிருந்து 10 மணி. லண்டன் ஆட்டங்கள் அமெரிக்காவில் காலை 9.30-க்கே தொடங்கிவிடும், அந்த வாரங்களில் முன்கூட்டியே உட்கார வேண்டும்.

வியாழக்கிழமை ஆடுகிறவரை ஒருபோதும் ஃப்ளெக்ஸில் வைக்காதீர்கள். அவரை அவருடைய நிலைக்கான இடத்தில் வைத்து, ஃப்ளெக்ஸைக் கடைசியாக ஆடுகிறவருக்கு விட்டால், ஞாயிறு யாராவது விழுந்தால் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் என யாரை வேண்டுமானாலும் அங்கே நுழைக்கலாம். சந்தேகத்தில் இருப்பவர் திங்கள் இரவு ஆடுகிறவர் என்றால் அதே ஆட்டத்தில் ஒரு மாற்று ஆள் பெஞ்சில் இருந்தே ஆக வேண்டும். 2024 முதல் வாரம் சான் பிரான்சிஸ்கோவின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சந்தேகம் என்ற குறியுடன் திங்கள்வரை இழுத்து, கடைசியில் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய ஜோர்டன் மேசன் 28 முறை ஓடி 147 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார், ஓட்டத்தில் மட்டும் 20.7 புள்ளி. மேசன் கையில் இல்லாதவர்களில் பலருக்கு அந்த இடத்தில் பூஜ்யம், ஏனென்றால் மாற்றாக வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஞாயிறே ஆடி முடித்துவிட்டார்கள்.

ஒரு அணியின் முழுத் தடுப்பு வரிசையாக எடுக்கும் டிஃபென்ஸுக்கும், கிக்கருக்கும் பட்டியலில் நேரம் செலவிட வேண்டாம். எதிரணியின் எதிர்பார்ப்பு எண் 20-க்குக் கீழே, எதிர்ப்பக்கம் மாற்று குவார்ட்டர்பேக், இரண்டும் அமைந்தால் அந்த டிஃபென்ஸ். கிக்கர் என்றால் கூரை மூடிய மைதானம், நல்ல எதிர்பார்ப்பு எண், அவ்வளவுதான்.

பணம் கட்டி வாங்கும் பட்டியல்கள் வரிசையில் பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. அவற்றில் பயன்படுவது, லீக்கோடு இணைத்து உங்கள் பெஞ்சையும் வேவரில் கிடப்பவர்களையும் உங்கள் புள்ளி முறைப்படி ஒரே திரையில் காட்டும் வசதி. மூன்று நான்கு லீக் ஆடுகிறவர்களுக்கு அது காசுக்குத் தகும், ஒரே லீக் ஆடுகிறவருக்கு இலவசப் பட்டியலே போதும்.

18-ஆவது வாரத்தில் எந்தப் பட்டியலும் வேலைக்கு ஆகாது. பிளேஆஃப் இடம் உறுதியான அணிகள் முதல் கால்பகுதியோடு நட்சத்திரங்களை உட்கார வைத்துவிடும், பயிற்சியாளர் அதைச் சனிக்கிழமைவரை வாய்திறந்து சொல்லமாட்டார். உங்கள் லீக்கின் இறுதி ஆட்டம் அந்த வாரத்தில் வைக்கப்பட்டிருந்தால், டிராஃப்ட்டுக்கு முன்பே லீக்கை நடத்தும் கமிஷனரிடம் சொல்லி 17-க்கு மாற்றச் சொல்லுங்கள். சீசன் தொடங்கிய பிறகு யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.