மழையில் காயுமா? டோங்காட்டில் இரண்டு குழந்தைகளுக்கு வாங்கியதும் வாங்காததும்

குழந்தைச் சாமான் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அதை யார் துவைக்கப் போகிறீர்கள், எங்கே காயப்போடப் போகிறீர்கள் என்பதைத்தான். மிருதுவானது, மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்றெல்லாம் அட்டையில் போட்டிருப்பார்கள். காய எவ்வளவு நேரமாகும் என்று எந்த அட்டையிலும் இருக்காது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கடலை ஒட்டிய டோங்காட்டில் குடித்தனம் நடத்துபவளுக்கு அதுதான் தெரியவேண்டும். இங்கே நவம்பரில் தொடங்கி மார்ச் வரை மழையும் புழுக்கமும். அந்த மாதங்களில் தடிமனான எதைத் துவைத்தாலும் மறுநாளும் சொதசொதவென்றுதான் இருக்கும், அதற்கு மறுநாள் பூஞ்சை வாடை வரும். ஜூன், ஜூலையில் நேர்மாறு: மழை குறைவு, வெயில் சுள்ளென்று அடிக்கும், காலையில் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் குடும்பம் நாலைந்து தலைமுறையாக இந்த ஊர். மகள் 2019 ஜூனில், குளிர்காலத்தில் பிறந்தாள். மகன் 2022 பிப்ரவரியில், நல்ல மழைக்காலத்தில். வீடும் கொடியும் அதேதான். ஆனாலும் மகளுக்குப் பிரமாதமாக உழைத்த சில சாமான்கள் மகனுக்குச் சுத்தமாகப் பயன்படவில்லை. அதனால் கீழே சொல்வதை எந்த மாதத்தில், எந்த ஊரில் என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

முதலில் நாப்பி, அதாவது டயப்பர். மகளுக்குத் துணி நாப்பிதான். அதில் மூன்று வகையைப் பயன்படுத்திப் பார்த்தோம். ஒன்று, பழைய பாணி டவல் துணிச் சதுரம். மடித்துக் கட்டி, ஊக்குக்குப் பதிலாக மூன்று கை உள்ள ரப்பர் க்ளிப்பை மாட்டுவது. இரண்டு, உள்ளே பட்டை சொருகும் பாக்கெட் நாப்பி. மூன்று, அம்மா ஊரிலிருந்து கிழித்து அனுப்பிய அப்பாவின் பழைய வேட்டித் துணி. இவற்றில் பாக்கெட் நாப்பிதான் பார்க்க அழகு, விலையும் அதற்குத்தான் அதிகம். அதன் மூங்கில் நார்ப் பட்டை நிறைய உறிஞ்சும், ஆனால் காய்வதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மைக்ரோஃபைபர் பட்டை சீக்கிரம் காயும், ஆனால் அவ்வளவாகத் தாங்காது. டவல் சதுரத்தை விரித்துப் போட்டால் ஒற்றை மடிப்புதானே, அதனால் தடியாக இருந்தாலும் காய்ந்துவிடும். குழந்தை வளர வளர மடிப்பை மாற்றிக்கொள்ளலாம், நாப்பி வயது முடிந்த பிறகு தரை துடைக்கலாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவைதான் தரை துடைக்கின்றன. ஆனால் முதல் சில வாரங்களுக்கு வேட்டித் துணிக்கு மிஞ்சி எதுவும் இல்லை. பிறந்த குழந்தை அடிக்கடி நனைக்கும், நனைத்ததும் தெரியவேண்டும், உடனே மாற்றவேண்டும், அவ்வளவுதானே. வேட்டி கிடைக்காதவர்கள் டர்பன் கிரே தெருவில் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு) துணிக்கடைகளில் மல் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

மகனுக்கு அப்படி நடக்கவில்லை. அவனுக்கு இரண்டு மாதம் ஆனபோது, 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசுலு-நட்டாலில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரித் தண்ணீரில் ஓடியது. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் யார் நாப்பி துவைப்பது? தூக்கியெறியும் நாப்பிக்கு மாறினோம். சுற்றுச்சூழல் பற்றி நானும் நிறையப் பேசியிருக்கிறேன்தான். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. இரண்டையும் அனுபவித்தவளாகச் சொல்கிறேன்: முழுக்கத் துணி அல்லது முழுக்க டிஸ்போசபிள் என்று சபதம் எடுக்காதீர்கள். பன்னிரண்டு டவல் சதுரமும் ஒரு பாக்கெட் டிஸ்போசபிளும் வீட்டில் இருந்தால் எந்த நிலைமையையும் சமாளிக்கலாம். இன்னொன்று, புதிதாகப் பிறந்தவர்களுக்கான மிகச் சிறிய சைஸில் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வளைகாப்புக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்பவர்களிடம் கூச்சப்படாமல் அடுத்த சைஸ் நாப்பி கேளுங்கள். 2018-ல் இங்கே வாட் வரி 15 சதவீதம் ஆனபோது, எந்தப் பொருள்களுக்கு விலக்கு தரலாம் என்று அரசு ஒரு நிபுணர் குழுவைக் கேட்டது. குழு சொன்ன பட்டியலில் நாப்பியும் இருந்தது. 2019 ஏப்ரலில் சானிட்டரி பேடுக்கும் சில மாவு வகைகளுக்கும் விலக்கு கிடைத்தது, நாப்பிக்குக் கிடைக்கவில்லை. குழந்தை மூத்திரம் போவதற்கும் வரி கட்டுகிற ஆட்கள் நாம்.

அடுத்தது, குழந்தையைத் தூக்கிப் போவது. எங்களிடம் ஒரு பிராம் (குழந்தைத் தள்ளுவண்டி) இருந்தது, கார் சீட்டும் சேர்ந்தே வரும் வகை. சக்கரமெல்லாம் உறுதியாகத்தான் இருந்தது. எங்கள் தெருவோ மேடும் பள்ளமும், நடைபாதை பாதி இடத்தில் இல்லை, வீட்டு வாசலில் படிக்கட்டு. மழைக்காலத்தில் அதன் பஞ்சு வைத்த இருக்கையில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது. உறையைக் கழற்ற முடிந்தது, உள்ளே இருந்த பஞ்சைக் கழற்ற முடியவில்லை. வினிகர், வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, வாடை போகவே இல்லை. கழற்றித் துவைக்க முடியாத பஞ்சு எதில் இருந்தாலும் நான் இப்போது தொடுவதில்லை.

பிராம் செய்யாததை ஒரு துண்டு செய்தது. பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வரும் சுலு மூதாட்டியை எங்கள் தெருவே கோகோ, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடும். மகள் வீல் வீலென்று அழுத ஒரு மத்தியானம் அவர் வந்து, குனிந்து, குழந்தையை முதுகில் கிடத்தி, பெரிய குளியல் துண்டால் சுற்றி மார்புக்கு மேலே முடிந்து, அதன் மேல் ஒரு சின்னப் போர்வையைக் கட்டினார். பாத்திரம் கழுவ இரண்டு கையும் அவருக்குச் சும்மா இருந்தன. குழந்தை தூங்கிவிட்டது. சுலு மக்கள் இதை பெலேதா என்பார்கள். குழந்தையின் கால் இரண்டும் தூக்குபவரின் இடுப்பைச் சுற்றி அகல விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். இடுப்பு மூட்டுக்கு நல்லது என்று குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் விலை உயர்ந்த கேரியர் கம்பெனிகள் படம் போட்டுக் காட்டுவதும் இந்த நிலையைத்தான். தலை நின்ற பிறகு நானும் பழகினேன். முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோகோ மேற்பார்வையில். மகனுக்குக் கேரியர் என்று எதுவும் வாங்கவில்லை. துண்டு, துவைத்தால் காயும்.

தூளிக்கும் அதே கணக்குதான். என் மாமியார் பேசுவது முக்கால்வாசி இங்கிலீஷ், குழந்தையோடு மட்டும் தமிழ் தானாக வந்துவிடும். நூல் புடவையில் தூளி கட்டுவதில் மட்டும் எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு அவர் குறைந்தவர் இல்லை. பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது போட்டோம். ராத்திரிக்கு வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தூளியில் குழந்தை வளைந்து படுக்கிறது, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். கெட்டியான சமதளமான மெத்தை, மல்லாந்து படுக்கை, தலையணையோ பொம்மையோ கட்டில் ஓரத்துப் பஞ்சுத் தடுப்போ கிடையாது. “நாங்கள் வளர்க்கவில்லையா?” என்றார் அத்தை. “பகலெல்லாம் உங்களுடையது அத்தை, ராத்திரி மட்டும் எனக்கு விடுங்கள்” என்றேன். சரி என்றார், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ராத்திரிக்கு வாங்கியது மரத் தொட்டில் அல்ல, மடக்கி எடுத்துப்போகும் கேம்ப் காட். வலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதுவும் காயும். இரண்டு குழந்தைகளுக்கும் உழைத்தது. இவ்வளவு வருஷத்தில் கொடுத்த காசுக்கு அதிகம் வேலை செய்தது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

கொசுவலை கட்டாயம். டர்பன் பக்கம் மலேரியா இல்லை, அது மாகாணத்தின் வடக்கு எல்லையோரம். ஆனாலும் கடிக்கிற கொசு கடிக்கத்தான் செய்யும். சுவரில் சொருகும் கொசு மருந்துக்குக் கரண்ட் வேண்டும், 2023-ல் கரண்ட் எப்போது இருந்தது? அந்த வருஷம் ஈடுகொடுத்தவை ரீசார்ஜ் விளக்கும் ரீசார்ஜ் மின்விசிறியும்தான். குழந்தைச் சாமான் பட்டியல் எதிலும் இவை இருக்காது.

பால் விஷயம். என் இரண்டு பிரசவத்தின்போதும் இங்கே பேறுகால விடுப்பு நான்கு மாதம். அதன்பின் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, வேலை நேரத்தில் தினம் இரண்டு முறை அரை அரை மணி நேரம் பால் கொடுக்கவோ பீய்ச்சவோ அனுமதிக்க வேண்டும் என்று தொழிலாளர் நடத்தை விதி சொல்கிறது. நிறையப் பேர் கேட்பதே இல்லை, கேளுங்கள். மின்சார பம்பை இரவல் வாங்கிப் பார்த்தேன், குழாய்க்குள் ஈரம் தங்கியது. கையால் அமுக்கும் சாதாரண பம்ப், நாலே துண்டு, கழுவி உதறி வைத்தால் முடிந்தது. கூடவே ஐஸ் பேக் வைத்த கூலர் பை. புட்டி சுத்தம் செய்ய நீராவி ஸ்டீரிலைசர் பரிசாக வந்தது. கரண்ட் போனால் அது வெறும் டப்பாதான். வெள்ளக் காலத்தில் காப்பாற்றியது கிருமி நீக்கும் மில்டன் மாத்திரை: குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, புட்டியை முழுக்க மூழ்கவைத்து 15 நிமிஷம். அந்தத் தண்ணீரை 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஃபார்முலாவுக்கும் புட்டிக்கும் தள்ளுபடி வரட்டும் என்று இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம். 2012-ல் வந்த ஆர்991 விதிப்படி அவற்றுக்கு விளம்பரமோ சலுகையோ தரக்கூடாது. நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன்.

வயிற்றுப்போக்கு வந்தால் வாங்கவேண்டிய பொருளே இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டி எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கொடுத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போகவேண்டும். பிறந்ததும் கொடுக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். தடுப்பூசி விவரம் முழுக்க அதில்தான், பள்ளியில் சேர்க்கும்போதும் கேட்பார்கள், மழையில் நனைந்து மசி கலைந்த புத்தகங்களைக் கிளினிக் வரிசையில் பார்த்திருக்கிறேன்.

கிரைப் வாட்டரில் எங்கள் அம்மாவும் அத்தையும் கடல் தாண்டி ஒரே கட்சி, அதே உட்வர்ட்ஸ். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று நான் தரவில்லை. பவுடரும் போடவில்லை. மூச்சில் போகும், புழுக்கத்தில் மடிப்புகளில் கட்டி தட்டும். நாப்பிப் புண்ணுக்கு இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பென்னட்ஸ் க்ரீம் போதும். வாக்கர் வேண்டவே வேண்டாம், படிக்கட்டு உள்ள வீட்டில் அது எமன். கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். உடுப்பில் கால்வரை ஜிப் வைத்த பேபிக்ரோ (உடம்பு முழுக்க மூடும் ஒற்றை உடுப்பு), அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் பிரெஸ் பட்டனை ஜோடி சேர்த்துப் பாருங்கள், புரியும். திட உணவுக்குத் தனி மிஷின் எதற்கு? இட்லித் தட்டில் பட்டர்நட் பூசணியை வேகவைத்துக் கரண்டியால் மசித்தோம்.

யோசிக்காமல் செலவு செய்யவேண்டிய ஒரே இடம் கார் சீட். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது 2015 மே 1 முதல் சட்டப்படி கட்டாயம். ஆனாலும் எம்4 சாலையிலும் என்2 சாலையிலும் மடியில் குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். முடிந்தவரை நீண்ட நாள் பின்பக்கம் பார்த்தபடி வையுங்கள். பழையது வாங்குவதானால், விபத்தில் சிக்கியதா என்பது தெரிந்த வீட்டிலிருந்து மட்டும், காலாவதித் தேதியையும் பார்த்து. காசு இடிக்கிறது என்றால் வீல் வெல் என்ற தொண்டு அமைப்பு, கொடையாக வரும் சீட்டுகளைச் சோதித்துச் சுத்தப்படுத்தித் தேவையானவர்களுக்குத் தருகிறது.

மிச்ச உடுப்பெல்லாம் 2024 ஜூனில் டோங்காட்டைச் சுழற்காற்று அடித்தபோது, கூரை பறந்த வீடுகளுக்குப் போய்விட்டன. இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் நாத்தனாருக்கு இது எட்டாம் மாதம், பட்டியல் கேட்டிருக்கிறாள். அவள் ஊரில் காற்று வறட்சி, குளிர்கால ராத்திரி எலும்பு வரை குத்தும். நான் வேண்டாம் என்று தள்ளிய கனத்த துணியும் மூங்கில் பட்டையும் அங்கே ஒரே பகலில் காய்ந்துவிடும். அவள் இருப்பது லிஃப்ட் உள்ள கட்டடம், கீழே நல்ல நடைபாதை, ஆகவே பிராமும் வாங்கட்டும். ஸ்டீரிலைசரை மட்டும் இங்கிருந்தே அனுப்பினேன். அங்கேயும் இப்போது குழாயில் தண்ணீர் நின்று நின்றுதான் வருகிறதாம், மில்டன் மாத்திரை இரண்டு பெட்டியும் அதே பார்சலில் போட்டிருக்கிறேன்.