கணினிக் கடிகாரம்: விண்டோஸே போதுமா, தனி நிரல் வேண்டுமா?

கும்பகோணத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தபின், கரண்ட் போய் வந்தாலே தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்புறம் தேதி பொருந்தாததால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் பிழை என்று எந்த அரசுத் தளமும் திறக்காது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வந்தவர் சிட்டாவும் அடங்கலுமாகக் காத்து நிற்பார், பாவம்.

இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்து வைக்கும் வசதி, அதாவது நேர ஒத்திசைவு, விண்டோஸிலேயே இருக்கிறது; அதற்குச் செலவில்லை, எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் இயல்பான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் பிசகினால் அது தானாகத் திருத்தாது. எங்களுக்கு இடித்ததே இங்கேதான்.

நெட்டைம் போன்ற தனி நிரலில் சரிபார்க்கும் இடைவெளியை நாமே வைக்கலாம். பெரிய வித்தியாசம் வந்தால் திருத்துவதா, கேட்பதா என்றும் சொல்லிவைக்கலாம். இணையத்தில் நேரம் சொல்லும் பல சர்வர்களைக் கொடுத்தால் ஒன்று பேசாவிட்டாலும் இன்னொன்று பேசும். இந்திய நேரத்தைப் பேணும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரையும் சேர்க்கலாம்.

எதுவானாலும் நேர மண்டலம் தவறாக இருந்தால் பயனில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு விண்டோஸே சரி. கடைக்குத் தனி நிரல்தான் என் தேர்வு. ஆனால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.